பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய பொட்டலம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. லேபிளை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மருதம்பட்டை தொடங்கிப் பன்னிரண்டு மூலிகைகள். எது எவ்வளவு என்று எழுதவில்லை. இதயத்துக்கு வலுவூட்டும், பக்க விளைவே கிடையாது என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. கூடவே உன் சீட்டு: "கெமிக்கல் மாத்திரையை மெல்ல நிறுத்திவிட்டு இதற்கு மாறிவிடுங்கள் அம்மா."

முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவளுக்கு இதை எழுதுகிறாய்! முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, இவனுக்கு நான் எதையும் சொல்லவே இல்லையே என்று தோன்றியது.

நான் விழுங்கும் இதய மாத்திரை டிகாக்சினும் இலையிலிருந்து வருவதுதான். இன்றைக்கும் டிஜிட்டாலிஸ் லனாட்டா என்ற செடியைப் பயிரிட்டு, இலையைக் காயவைத்து, அதிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். அதன் நெருங்கிய உறவு ஃபாக்ஸ்குளோவ். விரல் நுழையும் அளவுக்குக் குழல் குழலாகப் பூக்கும். ஃபுக்ஸ் என்ற ஜெர்மானியர் 1542இல், விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து அந்தச் செடிகளுக்கு டிஜிட்டாலிஸ் என்று பெயரிட்டார்.

1775இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவரிடம் ஒரு கைமருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயர் மூதாட்டி ஒருத்தி ரகசியமாக வைத்திருந்த செய்முறை அது. உடம்பில் நீர்கோத்து வீங்கி, மருத்துவர்கள் கைவிட்டவர்களுக்குக்கூட அது கேட்டிருக்கிறது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் ஒன்றுதான் என்று கண்டுகொள்வது அவருக்குப் பெரிய சிரமமாக இல்லை. செடிகளை நன்றாக அறிந்தவர். எவ்வளவு கொடுப்பது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் பத்து வருடம் போனது. பருவத்துக்குப் பருவம் இலையின் வீரியம் மாறியது. பூக்கும் காலத்து இலையை மட்டும் பறித்துக் காயவைத்துப் பொடியாக்கிப் பார்த்தார். 1785இல் எல்லாவற்றையும் புத்தகமாக வெளியிட்டபோது பிழைத்தவர்களோடு, மருந்து பலிக்காமல் போனவர்களையும், அளவு மிஞ்சி வாந்தியெடுத்து எல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் தெரிந்தவர்களையும் மறைக்காமல் எழுதினார். அந்த மனிதரை எனக்குப் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

அதற்குப் பிறகும் இலை இலையாகத்தான் இருந்தது. ஒரு கட்டு இலையின் வீரியத்தை அளக்கத் தவளைகளிலும் பூனைகளிலும் சோதித்துப் பார்த்த காலம் உண்டு. 1930இல் சிட்னி ஸ்மித் என்ற வேதியியலாளர் டிகாக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று என் மாத்திரையில் இருப்பது ஒரு மில்லிகிராமில் எட்டில் ஒரு பங்கு. நேற்றும் அதே, நாளையும் அதே. செடி எங்கும் போய்விடவில்லை, கண்ணா. அதன் அளவை எண்ணக் கற்றுக்கொண்டோம், அவ்வளவுதான்.

இதன் சொந்தபந்தம் பெரியது. அரளி, பொன்னரளி, நரிவெங்காயம் எல்லாவற்றிலும் இதே மாதிரிப் பொருள்கள் உண்டு. அரளியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவிய ஸ்ட்ரோபாந்தஸும் இந்த வகைதான். நாடுகாண் பயணி லிவிங்ஸ்டனோடு சாம்பேசி ஆற்றுப் பயணம் போன ஜான் கிர்க்கின் பல் துலக்கும் பிரஷில் அந்த விஷம் பட்டுவிட்டது. பல் துலக்கியவர் தன் நாடித்துடிப்பு குறைந்ததைக் கவனித்தாராம். (நானாக இருந்தால் நாடியைப் பார்த்திருக்க மாட்டேன், அலறியிருப்பேன்.)

இனி உன்னிடம் மறைத்த கதை. சென்ற வருடம் நான்கு நாள் வெளியூர் போயிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

இருமலுக்காக ஒன்றரை மாதம் தினமும் அதிமதுரக் குச்சியை மென்றுகொண்டிருந்தேன். மூலிகைதானே, மருத்துவரிடம் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். பசி போனது, குமட்டியது. வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரிந்தது. சுண்ணாம்பு பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். விதரிங்கின் மஞ்சளை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அப்போது நினைவுக்கே வரவில்லை. கடைசியில் தலை சுற்றி விழுந்தேன். இதயம் தாளம் தப்பித் துடித்துக்கொண்டிருந்தது.

ரத்தத்தில் டிகாக்சின் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. பொட்டாசியம் 3.5க்குக் கீழே போகக்கூடாது, எனக்கு 2.8. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று உண்டு. டிகாக்சின் அதைக் கொஞ்சம் தடுக்கிறது. அதனால் செல்லுக்குள் கால்சியம் கூடி, தசை அழுத்தமாகச் சுருங்குகிறது. அந்தப் பம்பில் இடம்பிடிக்கப் பொட்டாசியமும் மருந்தும் போட்டியிடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் அதே மாத்திரை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்ளும். அதிமதுரம் சிறுநீரகத்தை ஏமாற்றிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். சிறுநீர் நிறையப் பிரிவதற்காக நான் போடும் நீர் மாத்திரையும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தன. தவறு முழுக்க என்னுடையது. வெட்கத்தில்தான் உன்னிடம் சொல்லவில்லை.

டிகாக்சினை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவும் இல்லை. 6,800 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 1997இல் வெளிவந்தது. இதயம் பலவீனமானவர்களின் ஆயுளை டிகாக்சின் கூட்டவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் தடவைகளைக் குறைத்தது. எனக்கு அது போதும். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறேன்.

மருதம்பட்டையைப் பழிக்கவில்லை, ஆயுர்வேதத்தில் அதற்கு இதய மருந்தென்று நெடுங்காலப் பெயர் உண்டு. ஆனால் பன்னிரண்டில் அதன் பங்கு எவ்வளவு, என் மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த லேபிள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரும் வியாழக்கிழமை பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே மருத்துவரிடம் காட்டுகிறேன். அவர் சொல்வதை உனக்கும் சொல்கிறேன், இம்முறை எதையும் மறைக்காமல்.

மிச்சமிருந்த அதிமதுரக் குச்சிகள் அலமாரியில் மேல்தட்டில் கிடக்கின்றன. எனக்கு எறிய மனம் வரவில்லை. அடுத்த முறை வரும்போது நீயே எடுத்துப் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா