பொக்லைன் போன பிறகு யார் வருவீர்கள்?

சீமைக்கருவேலம் அகற்றும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும் எங்கள் ஊராட்சிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் எங்கள் ஊர். போன கோடையில் பொக்லைன் கொண்டுவந்து குட்டையிலும் அதையொட்டிய மேய்ச்சல் நிலத்திலும் இருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தீர்கள். மனதார நன்றி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ஐப்பசி மழை முடிந்து அங்கே மாடு ஓட்டிப் போனேன். காய்ந்த சாணி ஒன்றைப் பிளந்துகொண்டு ஏழெட்டுச் சீமைக்கருவேலக் கன்றுகள் நின்றன. ஆடுமாடு அதன் நெற்றைத் தின்கிறது. விதை செரிக்காமல் சாணியோடு விழுந்து அந்த எருவிலேயே முளைக்கிறது. இதற்கு மேய்ப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். கோடையில் வேறு பச்சை எங்கே இருக்கிறது?

ஒழித்த பிறகும் காவல் வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே மக்குவாரி என்று ஒரு தீவு. கப்பல்காரர்கள் கொண்டுபோய்விட்ட பூனைகள் அங்கே கடற்பறவைகளைத் தின்று தீர்த்தன. 2000இல் பூனைகளை ஒழித்தார்கள். அதன் பிறகு முயல்கள் பெருகி, சரிவுகளில் இருந்த புல்லைக் கரம்பிவிட்டன. 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து நஞ்சுத் தீனி தூவி முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒருசேர ஒழிக்க இறங்கினார்கள். அதோடு மூட்டை கட்டவில்லை. மிச்சமிருக்கும் ஒற்றை முயலுக்காக, பழக்கிய நாய்களோடு ஆண்டுக்கணக்கில் தீவு முழுக்க நடந்தார்கள். 2014இல்தான் வேலை முடிந்தது என்று அறிவித்தார்கள். புல் திரும்பி வந்தது.

கடல் சூழ்ந்த இடத்துக்கே அத்தனை காவல் வேண்டியிருந்தது. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குக் கிளுவைச் செடி வேலிதான் எல்லை. பக்கத்துக் காட்டு நெற்று ஆட்டு வயிற்றில் ஏறி உள்ளே வந்துவிடும்.

2022இல் தமிழக அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கையின் பெயரிலேயே வாழிட மீட்பும் சேர்ந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்ததோ பிடுங்குவதற்கான ஒப்பந்தம் மட்டும். மழைக்கு மழை கன்று பிடுங்க ஐந்தாண்டுக்காவது கூலி ஒதுக்குங்கள். நூறு நாள் வேலையில் சேர்த்தாலும் சரி. கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, அது கதிர்விட்டு உதிரும்வரை மேய்ச்சலை நிறுத்தச் சொல்லுங்கள், கட்டுப்படுகிறோம். நம் நாட்டு மரமான வெள்வேலத்தை விட்டுவையுங்கள், போன முறை இரண்டு மரம் பொக்லைனில் சேர்ந்து போய்விட்டது. சீமைக்கருவேல முள்விறகை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகளையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கன்றுகள் இப்போது சாண் உயரம். மண்ணில் ஈரம் இருக்கிறது, கையாலேயே பிடுங்கிவிடலாம். தை பிறந்தால் மண் இறுகிவிடும். அதற்குள் ஒருநாள் வாருங்கள், இடத்தைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கொறங்காட்டு விவசாயி ஒருத்தி