வந்த வழியைக் காட்டிவிட்டு விலை சொல்லுங்கள்

பழம்பொருள் ஏல நிறுவனங்களை நடத்துவோருக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவர் அண்மையில் ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள் (ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவக் குறிகளை அழுத்தி எழுதியவை) சிலவற்றை இணைய ஏலத்தில் வைத்திருந்தார். இன்றைய ஈராக்கில் இருந்த ‘ஊர்’ (Ur) என்ற பண்டை நகரின் மூன்றாம் அரச வம்சக் காலத்தவை. நாலாயிரம் ஆண்டுப் பழசு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. மேலே உருளை முத்திரை, அதாவது செதுக்கிய சிறு கல் உருளை, உருட்டிய தடம். வந்த வழி? ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பு.’ எந்த ஆண்டு ஈராக்கை விட்டு வெளியேறின என்று எழுதிக் கேட்டேன். உரிமையாளர் விவரம் ரகசியமாம்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1990 ஆகஸ்ட் தொடங்கி ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக எடுத்துச் செல்லப்பட்ட தொல்பொருள்களின் வணிகத்தைத் தடுக்கச் சொல்லும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483-ஆம் தீர்மானம் 2003-லேயே வந்துவிட்டது. ஆகவே கேட்பது ஒன்றுதான்: வந்த வழிக்கான ஆவணத்தைப் பட்டியலிலேயே வெளியிடுங்கள். ஆவணம் இல்லையா, விற்காதீர்கள்.

ஒவ்வொன்றாகப் பிரித்து விற்பதில் என்ன நட்டம் என்பீர்கள். முத்திரையில் ஒருவர் அமர்ந்திருக்கும் காட்சியும், முத்திரைக்கு உரிய ஆளின் பெயர், தொழில், தகப்பன் பெயரும் இருக்கும். ஆனால் அதை யாரும் நமக்காக முழுதாக உருட்டி வைக்கவில்லை. இடம் கிடைத்த அளவுக்கு அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு பலகையில் அமர்ந்திருப்பவரின் முழங்கால், இன்னொன்றில் பெயரில் பாதி, வேறொன்றின் விளிம்பில் தகப்பன் பெயர். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு மனிதர் கிடைப்பார். ஈரானின் பண்டைத் தலைநகரான பெர்செபோலிஸின் கோட்டைச் சுவரில் 1933-இல் கிடைத்த பலகைகள் ஒரே தொகுதியாக ஆய்வாளர் கைக்குப் போனதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைகளை அடையாளம் காண முடிந்தது. நீங்களோ முழங்காலை ஒருவருக்கும் பெயரை இன்னொருவருக்கும் விற்கிறீர்கள். வாங்கியவர் அலமாரியில் வைத்துப் பூட்டியபின் அந்த மனிதரை எங்கே போய்த் தேடுவது?

அதுசரி, ஐரோப்பாவில் அத்தனை தாத்தாக்களும் களிமண் பலகைதான் சேர்த்தார்களா? அமெரிக்காவின் ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடை நிறுவனத்துக்கு இத்தகைய பலகைகள் ‘ஓடு மாதிரிகள்’ என்று சீட்டு ஒட்டிப் பார்சலில் வந்த கதையும், 2017-இல் அது 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டதும் ஊரறிந்தவை. போலி ஆவணத்தோடு ஆஸ்திரேலியா வரை போன தமிழ்நாட்டு ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சிலையைப் பார்த்தவர்கள் நாங்கள். அவர் 2014-இல் திரும்பி வந்தார் என்றால், கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்த படம் சான்றாக இருந்தது. திருட்டுக் குழியிலிருந்து எடுத்த பலகைக்கு யார் படம் எடுத்து வைத்தார்கள்? அதனால்தானே இவ்வளவு துணிச்சல்!

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. கோரிக்கை மாறவில்லை: ஆவணத்தை வெளியிடுங்கள், அல்லது ஏலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே விற்றவற்றுக்காவது, பலகையின் ஆறு பக்கப் படங்களையும் ஆய்வாளர்களுக்குக் கொடுங்கள். முன்பக்கத்தை மட்டும் காட்டாதீர்கள். முத்திரை பல நேரம் விளிம்பிலும் இருக்கிறது.

பணிவுடன்,
ஆப்பெழுத்துப் படிக்கும் ஒரு தமிழ் மாணவன்