பதிவுத் துறை அதிகாரிகளே, அந்தக் கேள்வியையும் கேளுங்கள்

கேரள மாநிலப் பதிவுத் துறையின் உயர் அதிகாரிகளுக்கும், சப்-ரிஜிஸ்டிரார்களுக்கும், ஆதாரம் (சொத்துப் பத்திரம்) எழுதித் தரும் பெரியவர்களுக்கும், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரி ஒருத்தி எழுதும் மடல்.

வணக்கம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசே அறிவித்த இடங்களில் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் வரவேண்டும் என்று 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. பதிலை எதிர்பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதியோர் பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் என் பெரியம்மா போட்ட மனுவில் சென்ற மாதம் உத்தரவு வந்தது. நிலத்தை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்த தனநிச்சயத்தை, அதாவது செட்டில்மென்ட் பத்திரத்தை, ரத்து செய்ய முடியாதாம். மாதாமாதம் செலவுக்குப் பணம் கொடுக்கும்படி மகனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதோடு சரி. தீர்ப்பாயத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர்கள் கையில் இருந்தது ஆதாரம். ஆதாரத்தில் அந்த வரி இல்லை.

எந்த வரி என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23. 'என்னை வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும்' என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தக் கைமாற்றம் மோசடியால் நடந்ததாகவே கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருக்கவேண்டும் என்பதுதான் இதில் முடிச்சு. அது ஆதாரத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. உங்கள் மேசைக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. எங்கள் தோட்டங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பெரியம்மா எழுதிக் கொடுத்த நாளில் நானும் கூடப் போயிருந்தேன். எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. எல்லா ஆபீஸிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அடையாள அட்டை கேட்டார்கள், பார்த்தார்கள். நில வரி கட்டிய ரசீது கேட்டார்கள். நிலத்தின் நியாய விலையைச் சரிபார்த்தார்கள். போட்டோ எடுத்தார்கள். விரல் ரேகை பதியவில்லை. வாழ்நாளெல்லாம் களை பிடுங்கிய கைக்கு ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார்கள். எழுதினது நீங்கள்தானா, சம்மதம்தானா என்று கேட்டார்கள். மலையாளத்தில் கேட்டதை எழுத்துக்காரர் தமிழில் திருப்பிச் சொன்னார். "என்ற பையனுக்குத்தானுங்க, சம்மதந்தானுங்க" என்றார் பெரியம்மா. அங்கிருந்த எல்லோரும் சிரித்தோம்.

'இனி உங்களுக்குச் சோறு யார் போடுவது, அதை இதில் எழுதியிருக்கிறதா?' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஏன் எழுதிக் கொடுத்தார் என்று நீங்கள் கேட்கலாம். பேராசை பிடித்த மகன், ஏமாந்த தாய் என்று கதை அவ்வளவு சுலபமில்லை. மகன் போர்வெல் போடக் கடன் கேட்டுப் போனபோது நிலம் அவன் பேரில் இல்லை. தான் கண்ணை மூடியபின் அக்காளும் தம்பியும் அடித்துக்கொள்ளக் கூடாது என்ற பயம் வேறு. ஒஸ்யத்து, அதாவது உயில், எழுதி வைத்திருந்தால் உயிரோடு இருக்கும்வரை நிலம் அவர் பேரில் நின்றிருக்கும், மனசு மாறினால் மாற்றியும் எழுதியிருக்கலாம். ஆனால் ஒஸ்யத்தைக் காட்டினால் பாங்கில் கடன் கொடுப்பார்களா? எழுத்துக்காரர் நல்ல மனுஷர்தான். 'ஸ்நேக வாத்சல்யம் காரணமாக' என்று வழக்கமான வாசகத்தைப் போட்டார். ஆயுள் உள்ளவரை வீட்டில் குடியிருக்கவும் வெள்ளாமையை அனுபவிக்கவும் உரிமை உண்டு என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் மகனும் அன்றைக்கு மறுத்திருக்கமாட்டான். அன்றைக்கு அவன் மனசு நன்றாகத்தான் இருந்தது. பிற்பாடு குடும்பம் பெருத்தது, கடன் பெருத்தது, அவன் கோயம்புத்தூருக்குக் குடிபோனான்.

மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து பெரியம்மாவின் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தது, ஆனால் எழுந்து நடக்கவில்லை. இப்போது சாளைத் திண்ணையை ஒட்டிய அறையில் கட்டிலோடு கிடக்கிறார். பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் சிஸ்டர் வருகிறார், புண் வராமல் பார்த்துச் சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் சிஸ்டர் ராத்திரி தங்க முடியாது. புரட்டிப் படுக்க வைக்கவும், மலம் எடுக்கவும், டயாப்பர் மாற்றவும் ஆள் வேண்டும். ஹோம் நர்ஸ் வைக்க ஏஜென்சியில் கேட்ட தொகைக்கு, தீர்ப்பாயம் உச்சமாகக் கொடுக்கக்கூடிய மாதம் 10,000 ரூபாயே பாதிக்குத்தான் காணும். 2007-இல் போட்ட அந்த வரம்பை எடுத்துவிட 2019-இல் நாடாளுமன்றத்துக்கு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. பெரியம்மாவுக்கு உத்தரவானது அந்த உச்சமும் இல்லை. அதையும் வாரா வாரம் போன் போட்டுக் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கிறது. ஒரு டயாப்பர் பாக்கெட்டுக்கு மகனிடம் கேட்பது, அதுவும் மருமகள் போனை எடுத்தால் கேட்பது, எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் 45 நாளைக்கு ஒரு தடவை தேங்காய் போடுகிறார்கள். கன்றாக நட்டு, மூலத்தறைத் தடுப்பணைத் தண்ணீர் வராத வருஷங்களில் குடத்தில் சுமந்து ஊற்றி, பெரியம்மா வளர்த்த மரங்கள். படுத்த இடத்திலிருந்து காய் விழும் சத்தத்தைக் கேட்டே எந்த வரிசையில் ஏறுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போகும். போனமுறை நான் இருந்தபோது, "கண்ணு, சட்டினிக்கு நாலு காய் கேட்டுப் பாரு, குடுத்தாங்கன்னா வாங்கிட்டு வா" என்றார். 'குடுத்தாங்கன்னா' என்றார். நான் போய்க் கேட்டேன், கொடுத்தார்கள். மரம் ஏறுகிற ஆளுக்கே கூசிப்போய் இரண்டு சேர்த்துக் கொடுத்தான்.

இதற்கெல்லாம் நாங்கள் என்ன செய்வது, வருகிற ஆதாரத்தைப் பதிவு செய்வதுதானே எங்கள் வேலை என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லியும் இருக்கிறீர்கள். அய்யா, அம்மா, உங்கள் சட்டத்தை நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வயதானவர்கள் மேல் எத்தனை கரிசனம் வைத்திருக்கிறது! உடம்பு முடியாதவர் ஆபீஸ் படியேறி வரவேண்டாம், அதிகாரியே வீடு தேடி வந்து பதிவு செய்யலாம் என்று பிரிவு 31-உம் 38-உம் இடம் கொடுக்கின்றன. ஆக, சொத்தைக் கொடுப்பதற்குப் படுக்கை அருகே வந்து நிற்க அரசாங்கத்துக்குக் கால் இருக்கிறது. கொடுத்த சொத்தைத் திரும்பக் கேட்பதற்கு மட்டும் அந்தக் கிழவியை ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டு நாங்கள் போகவேண்டும். எழுதிக் கொடுத்தவர் புத்தி தெளிவில்லாதவராகத் தோன்றினால் பதிவை மறுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அப்படிப்பட்ட அதிகாரம் உள்ளவர்களுக்கு ஒரு கேள்வி கேட்க அதிகாரம் இல்லாமலா போய்விடும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் எல்லையில் இருப்பவர்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பொள்ளாச்சி, உடுமலை. ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறோம். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், பாசத்தின் பேரில் எழுதிக் கொடுத்தது என்றாலே பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியதுதான் என்று சொன்னது. உச்ச நீதிமன்றமோ 2022-இல் நிபந்தனை இருந்ததாகக் காட்டவேண்டும் என்றது, 2025 ஜனவரியில் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்கவேண்டும் என்றது. வக்கீல்கள் இதை வைத்துப் பத்து வருஷம் வாதாடலாம். எண்பது வயசுக்காரிக்குப் பத்து வருஷம் யார் கொடுப்பது? கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்தால் ஒரு பேச்சு, இந்தப் பக்கம் இருந்தால் வேறு பேச்சு என்று இருக்கும்வரை, எங்களுக்கு ஒரே காப்பு ஆதாரத்தில் எழுதிய வரிதான்.

இந்த மாநிலம் முதியவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை. 2025-இல் வயோஜன கமிஷனுக்கென்றே, அதாவது முதியோர் ஆணையத்துக்கென்றே, தனிச் சட்டம் போட்டது. சந்தோஷம். மேடைகளில் பொன்னாடை போர்த்துகிறார்கள், அதுவும் சந்தோஷம். ஆனால் ஞாபகம் தப்பிப்போன ஒருவரின் பாங்குக் கணக்கிலிருந்து அவர் மருந்துக்கே பணம் எடுக்க என்ன வழி? முன்கூட்டியே முக்தியார் (பவர் பத்திரம்) எழுதி வைக்கலாமே என்பார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறியதும் முக்தியார் செத்துப்போகிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. எப்போது தேவையோ சரியாக அப்போது செல்லாமல் போகும் காகிதம். நினைவில்லாமல் கிடப்பவருக்குக் கார்டியன் நியமிக்க கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வழிமுறை வகுத்தது, நல்லது, ஆனால் அதற்கு எறணாகுளம் போகவேண்டும். எங்கள் பக்கத்து வண்ணாமடையிலிருந்து எறணாகுளம் எவ்வளவு தூரம் என்று கொச்சியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சரி, இது உங்கள் துறை விஷயம் இல்லை. எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியை மட்டும் கமிஷனுக்கு அனுப்பி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அறுபது வயது தாண்டியவர் தனநிச்சயமோ இஷ்டதானமோ எழுதிக்கொண்டு வந்தால், பதிவுக்கு முன் அவரைத் தனியாக உட்கார வைத்து, மகனும் மருமகனும் எழுத்துக்காரரும் வெளியே நிற்க, அவருக்குப் புரியும் பாஷையில் கேளுங்கள்: பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனை இதில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், வேண்டாம் என்று தெரிந்துதான் விட்டீர்களா? அவர் சொல்லும் பதிலை ஆதாரத்தின் ஓரத்தில் ஒரு வரியாகப் பதிந்து கைநாட்டு வாங்குங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவர் இஷ்டம், நாம் யாரும் தலையிட வேண்டியதில்லை. கேட்கப்பட்டது என்றாவது இருக்கட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை, தமிழ்ப் பஞ்சாயத்துகளில் உள்ள ஆபீஸ்களின் சுவரில் தமிழில் ஒரு அறிவிப்பு, போதும்.

எழுத்துக்காரர்களே, உங்களுக்கும் அதே வேண்டுகோள். பெரியவர்கள் உங்களைத்தான் நம்பி வருகிறார்கள். எழுதுகிற மாதிரி வாசகத்திலேயே அந்த நிபந்தனையும் இருக்கட்டும். வேண்டாம் என்பவர் அதை அடித்துவிடட்டும்.

பெரியம்மாவுக்காக நான் இதை எழுதவில்லை. அவர் வழக்குக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறோம், அது கலெக்டர் முன்னால் அதன் வழியில் போகும். எங்கள் ஊரில் வருகிற வாரம் இன்னொரு தனநிச்சயம் பதிவுக்கு வருகிறது. கணவனை இழந்த, எழுபது தாண்டிய பெண்மணி, ஒன்றரை ஏக்கர், இரண்டு மகன்கள். நான் சொன்னால் குடும்பத்தைக் கலைக்க வந்தவள் என்பார்கள். நீங்கள் கேட்டால் அது அரசாங்கக் கேள்வி, பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். தயவுசெய்து அவரிடமாவது கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
கிழக்குச் சித்தூரிலிருந்து ஒரு தோட்டக்காரி