எம்மர்டேலை முழுதாக ஒருமுறை பாடுங்கள்: கார்டிகன்ஸ் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நீனா பெர்சன், பீட்டர் ஸ்வென்சன், மாக்னஸ் ஸ்வெனிங்சன், லாசே யோஹான்சன், பெங்ட் லாகர்பெர்க், ஸ்வீடனின் பாப் இசைக்குழுவான கார்டிகன்ஸின் ஐவருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் முதல் ஆல்பமான 'எம்மர்டேல்' பாடல்களை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே வரிசையில், ஒரே ஒரு மாலையாவது மேடையில் தாருங்கள். ஐந்து பேரும் சேர்ந்து தாருங்கள்.

1996-இல் வந்த 'லவ்ஃபூல்' பாட்டை, அதே ஆண்டின் ரோமியோ ஜூலியட் படம் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நல்ல பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கார்டிகன்ஸ் என்றாலே அந்த ஒரு பாட்டுதான் என்று பலர் மனதில் பதிந்துபோனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1994 பிப்ரவரியில் ஸ்வீடனில் வெளியான எம்மர்டேலைத் தேடிப் போனவர்கள் குறைவு. இதில் கேட்பவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது ஆல்பமான 'லைஃப்' பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போனபோது, எம்மர்டேல் பாடல்கள் சிலவற்றை எடுத்து அதோடு கலந்துதான் விற்றார்கள். அந்தப் பாடல்கள் எதற்குப் பின்னால், எதற்கு முன்னால் இருந்தவை என்றே தெரியாமல் கேட்டவர்கள் ஏராளம். உங்கள் நாட்டு 'ஸ்லிட்ஸ்' இதழ் 1994-இன் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது எம்மர்டேலை. அப்படிப்பட்ட ஆல்பத்துக்கு வெளியுலகில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

வரிசை, வரிசை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் பாட்டான 'சிக் அண்ட் டயர்ட்' இசை துள்ளிக்கொண்டு வரும். புல்லாங்குழல் நுழையும்போது முகத்தில் இளவெயில் விழுந்தாற்போல இருக்கும். ஆனால் பாடுகிறவள் அலுத்துச் சலித்துப்போனவள். மெட்டு ஒரு பக்கம் சிரிக்க, சொல் இன்னொரு பக்கம் சோர்ந்து நிற்கும் இந்த இழுபறி ஆல்பம் முழுக்க ஓடுகிறது. நடுவில் 'ஆஃப்டர் ஆல்' வரும்போது சிரிப்பு அடங்கி, சோகம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு முன் நான்கு பாடல்களைக் கேட்டிருந்தால்தான் அந்த இடம் உறைக்கும். தனியாக எடுத்துக் கேட்டால் அது வெறும் மென்மையான பாட்டு.

அப்புறம் 'சப்பாத் பிளடி சப்பாத்'. 1973-இல் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சப்பாத் இடிமுழக்கமாகத் தந்த பாட்டை, குரல் உயர்த்தாமல், ஜாஸ் சாயலில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல நீனா பாடுகிறார். இதைக் கேலி என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. பீட்டரும் மாக்னஸும் ஹெவி மெட்டல் குழுக்களில் வாசித்துவிட்டு வந்தவர்கள். சத்தத்தை எடுத்துவிட்டாலும் அந்தப் பாட்டு நிற்கும் என்று தெரிந்தவர்கள்தான் அதில் கை வைக்க முடியும். மூல மெட்டின் மேல் இவ்வளவு மரியாதையோடு செய்யப்பட்ட மறுவாசிப்புகள் குறைவு என்பது என் எண்ணம்.

ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் ஊரில் 1992-இல் தொடங்கிய குழு, ஒரே வீட்டில் சேர்ந்து தங்கி டெமோ என்னும் மாதிரிப் பாடல்களைப் பதிவு செய்த குழு, அதைக் கேட்ட இசைத் தயாரிப்பாளர் டோரே யோஹான்சன் மால்மோவின் டாம்பரின் ஸ்டுடியோவுக்கு அழைக்க, அங்கே போய் முதல் ஆல்பத்தை முடித்த குழு. பாடகியாக நீனா அப்போதுதான் தொடங்கியிருந்தார். அந்தக் கூச்சம் குரலில் அப்படியே பதிவாகியிருக்கிறது. பிற்பாடு வந்த ஆல்பங்களில் குரல் முதிர்ந்தது, சொல்லும் கூர்மையானது. இன்றைய அந்தக் குரலில் எம்மர்டேலின் 'சீலியா இன்சைட்' எப்படி ஒலிக்கும் என்று கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

நீங்கள் செய்யாத காரியத்தை நான் கேட்கவில்லை. உங்கள் 1998 ஆல்பமான 'கிரான் துரிஸ்மோ'வை 2012-இல் முழுதாக வாசித்தீர்கள். 2018-இல் அதன் இருபதாம் ஆண்டுக்கு மறுபடியும் வாசித்தீர்கள். அந்த மரியாதை மூத்த பிள்ளைக்கும் வேண்டாமா?

பீட்டர், உங்களிடம் தனியாக ஒன்று. 2012-இல் குழு மேடைக்குத் திரும்பியபோது நீங்கள் வரவில்லை. கிடாரை ஆஸ்கர் ஹும்லெபோ எடுத்துக்கொண்டார், நன்றாகவே வாசிக்கிறார். நீங்கள் பாடகி அரியானா கிராண்டேவுக்கும் பாடகர் 'தி வீக்கெண்ட்'டுக்கும் பாட்டு எழுதுவதில் பங்கேற்று வேறு உயரத்துக்குப் போய்விட்டீர்கள். சரி, சுற்றுப்பயணம் பிடிக்காமல் இருக்கலாம், அது உங்கள் விருப்பம். நான் கேட்பது பயணமில்லை. எம்மர்டேல் மெட்டுகள் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்து வந்தவை. நீங்கள் இல்லாமல் அவற்றை வாசித்தால் அது பாதிதான்.

இடம் யோன்ஷோப்பிங்காக இருக்கட்டும், வேட்டர்ன் ஏரியின் தென்கரையில், எல்லாம் தொடங்கிய ஊரில். பெரிய அரங்கம் வேண்டாம். ஒலிப்பதிவு மட்டும் ஒழுங்காகச் செய்து வெளியிடுங்கள்; நேரில் வர முடியாத எங்களைப் போன்றவர்கள் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறோம். இடையில் 'லவ்ஃபூல்' கேட்டு யாராவது குரல் கொடுத்தால், அன்று மட்டும் மறுத்துவிடுங்கள்.

அன்புடன்,
எம்மர்டேலை விடாமல் கேட்கும் ஒரு ரசிகன்