லக்சம்பர்க் அரசகுடும்பம் பற்றி சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். தை பிறந்ததும் வந்து பார்க்கிறோம்.

2025 அக்டோபர் 3 அன்று லக்சம்பர்க்கில் ஆன்ரி விலகி மகன் கியோம் கிராண்ட் டியூக் (அந்த நாட்டு மன்னருக்கான பட்டம்) ஆனதைச் சொல்லி, "இந்தக் காலத்திலுமா இப்படி?" என்று கேட்டிருந்தாய். அந்தக் குடும்பத்தின் கதை தெரிந்தால் நீ அப்படிக் கேட்கமாட்டாய்.

1890-ல் நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் இறந்தபோது அவருக்கு மிஞ்சியிருந்த வாரிசு 10 வயது மகள் வில்ஹெல்மினாதான். நெதர்லாந்து அவளை அரசியாக்கியது. அதே மன்னரின் கீழ் இருந்த லக்சம்பர்க்கோ, நாசாவ் வம்சத்தின் 1783-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, தூரத்து உறவினர் அடால்ஃபுக்குப் போனது. 1866-ல் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசிடம் சொந்த நாட்டைப் பறிகொடுத்தவர் அவர். 73 வயதில் வேறொரு நாடு கிடைத்தது. பெண்ணுக்குப் பட்டம் இல்லை என்ற விதியால் வந்த அந்த வீட்டில், அடால்ஃபின் மகன் நான்காம் வில்லியமுக்குப் பிறந்த ஆறும் பெண்கள். 1907-ல் சட்டம் போட்டு மூத்தவள் மரி அடெலாய்டை வாரிசாக்கினார்.

அவளை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. 1912-ல், 18 வயது நிரம்பியதும் பதவி ஏற்றாள். இரண்டே வருடத்தில் ஜெர்மன் படை நாட்டுக்குள் புகுந்துவிட்டது. படைபலம் இல்லாத நாடு, என்ன செய்வாள்? அரண்மனைக்கு வந்த ஜெர்மன் பேரரசர் கைசரை வரவேற்றாள். தங்கை ஒருத்திக்கு ஜெர்மனியின் பவேரியா இளவரசரோடு நிச்சயதார்த்தம். இதெல்லாம் போர் முடிந்ததும் குற்றப்பட்டியலாகிவிட்டது. அரசியலில் ஒரு பக்கம் சாய்ந்து 1915-ல் நாடாளுமன்றத்தைக் கலைத்தது அவள் செய்த தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வயதில் அவளுக்கு நிதானமாக எடுத்துச்சொல்ல யார் இருந்தார்கள்? 1919 ஜனவரியில் பட்டத்தைத் தங்கை சார்லட்டிடம் விட்டுவிட்டு, பின்பு இத்தாலியில் கன்னிமடம் சேர்ந்தாள். 1924-ல் இறந்தபோது வயது 29.

அவள் விலகிய 1919-லேயே, செப்டம்பர் 28 அன்று மக்களிடமே கேட்டார்கள்: சார்லட்டா, வேறு அரசியா, வேறு வம்சமா, குடியரசா? பெண்களும் வாக்களித்தார்கள். பக்கத்து பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1944-ல்தான். கிட்டத்தட்ட 78 சதவீதம் சார்லட்டுக்கு விழுந்தது. வாக்குப்பெட்டியில் ஜெயித்துவந்த அரியணை, சுந்தரம்! 1940-ல் நாஜிகள் வந்தபோது சார்லட் நாட்டைவிட்டு வெளியேறி, பிபிசி வானொலி வழியாகத் தன் மக்களோடு பேசிக்கொண்டிருந்தார். தலைநகரில் அவர் சிலையின் கீழ் "நாங்கள் உங்களை நேசிக்கிறோம்" என்று அவர்கள் மொழியிலேயே பொறித்திருக்கிறார்கள்.

1964-ல் அவரும், 2000-ல் மகன் ஜானும், இப்போது பேரன் ஆன்ரியும் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு வழிவிட்டவர்கள். 2008-ல் கருணைக்கொலைச் சட்டத்துக்கு ஒப்புதல் தர ஆன்ரியின் மனசாட்சி இடம் தரவில்லை. நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி, ஒப்புதல் தரும் அதிகாரத்தையே எடுத்துவிட்டது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். மக்கள் கொடுத்த இடம் என்பதை மறக்காத குடும்பம், அதனால்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

பேரனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், எழுது.

அன்புடன்,
ராமநாதன்