120 மணி நேரப் பாடத்தில் ஸூம் வகுப்பு 28 மணி நேரம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளின் இயங்கலை வகுப்புகளைப் பற்றிக் குறை எழும்போதெல்லாம், இணையம் மெதுவாக இருக்கிறது, மாணவர்கள் கேமராவை அணைத்துவிடுகிறார்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பெரும்பாலான கோளாறு அதற்கு முன்பே, பாடத்தைத் திட்டமிடும்போதே நேர்ந்துவிடுகிறது.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவர் 40 மணி நேரம் கற்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். 14 வாரப் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் ஸூமில் சந்தித்தால் வருவது 28. மீதி 92 மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஆறரை மணி நேரம், மாணவர் தனியாக இருக்கிறார். அந்த நேரத்தில் எதைப் படிப்பது, எதை எழுதுவது, தவறினால் யார் திருத்துவது என்பதற்குத் திட்டமே இல்லாத பாடங்கள் நிறைய. "மூன்றாம் அத்தியாயத்தைப் படித்து வாருங்கள்" என்று சொல்வது திட்டமாகாது.

பினாங்குக்கு இது புதிய வேலையும் அல்ல. இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கிவிட்டது. விரிவுரையாளர் எதிரில் இல்லாத மாணவருக்கு எழுதும் பாடநூலில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பயிற்சியும் விடையும் இருக்க வேண்டும் என்பது தொலைதூரக் கல்வியின் பழைய பாடம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவசரத்தில் விரிவுரையை அப்படியே திரைக்கு மாற்றினோம். அவசரம் தீர்ந்த பிறகும் அதே வழக்கம் தொடர்வதுதான் வருத்தம்.

முதலில் காணொலிப் பதிவுகளைப் பார்ப்போம். இயங்கலைப் பாடங்கள் தரும் எட்எக்ஸ் தளத்தில் சுமார் 69 லட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, காணொலி ஆறு நிமிடத்தைத் தாண்டினால் பார்ப்பவர் கவனம் குறைகிறது என்று காட்டியது. இதைக் கேட்டு ஒரு மணி நேர விரிவுரையைப் பத்துத் துண்டாக வெட்டினால் பயனில்லை. ஒரு பதிவு ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியே அதன் தலைப்பாக இருக்கட்டும். திரையில் இருக்கும் வரிகளை வாய்விட்டுப் படிக்கவே கூடாது. ஒரே சொற்களைக் கண்ணும் காதும் ஒருசேரப் பெற்றால் புரிதல் குறைகிறது என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டிய உண்மை. படத்தையோ கணக்கையோ திரையில் வையுங்கள், விளக்கத்தைப் பேசுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் மாணவர் பொறுத்துக்கொள்வார், ஒலி கெட்டால் மூடிவிடுவார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தாலே பாதிக் குறை தீரும்.

டேட்டாவையும் கணக்கிட வேண்டும். நொடிக்கு 1,500 கிலோபிட் அளவில் ஏற்றிய ஒரு மணி நேரக் காணொலி 675 எம்.பி. ஆகிறது. ஆறு நிமிடக் காணொலியை 500 கிலோபிட்டுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 23 எம்.பி.; 64 கிலோபிட் ஒலியாக மட்டும் கொடுத்தால் 3 எம்.பி.கூட இல்லை. நிபோங் தெபால் தோட்டப்புறத்தில் முன்கட்டண அட்டையை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு பெரிது.

வாரந்தோறும் ஐந்து கேள்விகள் கொண்ட சிறு தேர்வு வையுங்கள். மதிப்பெண் சிறிதளவு போதும், இரண்டு முறை முயல விடலாம். தவறான ஒவ்வொரு விடைக்கும் அது ஏன் தவறு என்று ஒரு வரி எழுதி வைப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. ஐந்தில் ஒரு கேள்வி மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்திலிருந்து வரட்டும். மறுபடி படித்தவர்களைவிடத் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்பதை உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோதோ மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். முதல் நாள் இரவில் மட்டும் புரட்டிவிட்டுத் தேர்வெழுதும் மாணவர் ஏமாறுவது இதனால்தான்.

கலந்துரையாடல் மன்றம் பல பாடங்களில் செத்துக் கிடக்கக் காரணம் கேள்வியும் கெடுவும்தான். "உங்கள் கருத்து என்ன" என்று கேட்டால் நாற்பது பேரும் ஒரே பதிலை எழுதுவார்கள். பொருளாதாரம் என்றால், புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் ஒரு காய்கறியின் விலையை இரண்டு நாள் பார்த்து எழுதி, மாற்றத்துக்குக் காரணம் சொல்லச் சொல்லுங்கள். மூடுல் என்ற பாடத்தள மென்பொருளில் உள்ள கேள்வி-பதில் மன்றத்தில் தன் பதிலைப் போட்ட பிறகே மற்றவர் பதில் தெரியும், அதைப் பயன்படுத்தலாம். கெடு இரண்டு வேண்டும்: சொந்தப் பதிலுக்குப் புதன், மறுமொழிக்கு ஞாயிறு. ஒரே கெடு வைத்தால் எல்லாம் ஞாயிறு நள்ளிரவில் வந்து குவியும், உரையாடல் எங்கிருந்து வரும்?

இவ்வளவும் செய்த பிறகுதான் நேரலை வகுப்புக்கே பொருள் கிடைக்கிறது. சிறு தேர்வில் அதிகம் பேர் தவறிய கேள்வியோடு தொடங்குங்கள். கேள்வி கேட்டதும் பதிலைத் தட்டச்சு செய்து, "அனுப்புங்கள்" என்று சொல்லும்வரை எல்லாரும் காத்திருக்கட்டும். வேகமான இருவர் மட்டுமே பதில் சொல்லும் நிலை அதனால் மாறும். மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் ஸூம் குழு அறைக்கு நான்கு பேர், குறைந்தது 12 நிமிடம். உள்ளே போய்ச் சேரவே ஓரிரு நிமிடம் ஆகிவிடும். பிரதானத் திரையில் காட்டிய கேள்வி பொதுவாக அங்கே தெரியாது, ஆகவே குழு எழுத வேண்டிய பகிர்வு ஆவணத்திலேயே கேள்வியும் இருக்கட்டும். அறை அறையாகத் தாவாமல் அந்த ஆவணங்களைத் திறந்து பார்த்தால் எந்தக் குழு தடுமாறுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்டில் வேலை செய்துகொண்டே படிப்பவர்களும் உண்டு. ஒரே நேரத்தில் கட்டாய வருகை வைத்தால் அவர்கள் பாடத்தையே கைவிட நேரும். நேரலை வகுப்பின் பதிவைப் பார்த்து அதே பயிற்சியை 48 மணி நேரத்துக்குள் எழுதித் தந்தால் வருகையாகக் கொள்ளலாம். பருவத்தின் பத்தாம் நாளுக்குள் பாடத்தளத்தில் நுழையாதவருக்குத் தனியாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதுங்கள். பொதுக் குழுவில் விடும் நினைவூட்டல் அவரைச் சேராது.

இடுபணித் திருத்தத்துக்கு நீண்ட குறிப்பு எழுத நேரமில்லை என்பவர்கள் குரல் பதிவைப் பயன்படுத்தலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம், 40 பேருக்கு 80 நிமிடம். அடுத்த இடுபணிக்கு முன் அது கிடைத்துவிட வேண்டும்.

இத்தனை வேலையையும் விரிவுரையாளர் பருவம் தொடங்கிய பின் செய்ய முடியாது. துறைகள் ஸூம் மணிகளை மட்டும் எண்ணிப் பணிச்சுமை கணக்கிடுவதை விட்டு, தயாரிப்பு நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். பருவத்துக்கு முன்பே முதல் மூன்று வாரப் பாடமும் தளத்தில் முழுமையாக இருக்கிறதா என்று துறைத்தலைவர் ஒரு மலிவான கைப்பேசியில் திறந்து பார்த்த பிறகு பாடத்துக்கு அனுமதி தரட்டும்.

இப்படிக்கு,
கல்லூரி விரிவுரையாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு