இலை மட்டும் வளர்ந்த முள்ளங்கி

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். மொட்டைமாடி முள்ளங்கியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இலை தளதளவென்று நிற்கிறது, பிடுங்கினதில் எலிவால் மாதிரி ஒரு வேர். “விதை மோசமாம்மா?” என்று கேட்கிறாய். விதையைக் குறை சொல்லாதே கண்ணு. கீரை விதை தூவுகிற மாதிரி தூவிவிட்டு, முளைத்ததை எல்லாம் அப்படியே வளரவிட்டிருக்கிறாய்.

போனில் சொன்னால் அடுப்பில் பால் பொங்குது, பிள்ளை கூப்பிடுது என்று பாதியில் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முள்ளங்கிக்குச் செடிக்குச் செடி அரைச் சாண் இடம் வேண்டும். செடி வளர்க்கிற உன் பை ஒரு அடி அகலம்தானே, நாலைந்து செடிக்கு மேல் தாங்காது. விதையை அரை அங்குல ஆழத்தில் இரண்டிரண்டாகப் போடு. நாலைந்து நாளில் முளைத்துவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் மூன்றாவது இலை வரும்போது இரண்டில் நல்லதை விட்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். இங்கேதான் உனக்குக் கை வராது. முளைத்த உயிரை எப்படிப் பிடுங்குவது என்பாய். நீ விட்டால் அதுகளே ஒன்றையொன்று நெருக்கி, எதற்கும் கிழங்கில்லாமல் செய்துவிடும். பிடுங்கினால் பக்கத்துச் செடி வேர் ஆடும். கத்தரியால் தரையோடு நறுக்கிவிடு. நறுக்கினது வீணில்லை, அந்தக் குருத்தைப் பாசிப்பருப்போடு வதக்கினால் ஒரு வேளைக்குத் தொட்டுக்கொள்ளப் போதும். அதைப் பிடுங்கி வேறு பையில் நடுகிற வேலை மட்டும் வேண்டாம். தக்காளி, கத்திரிக்குச் சரிப்படுகிற நாற்று இதற்குச் சரிப்படாது. ஆணிவேர் ஒருமுறை மடங்கினால் கிழங்கு இரண்டு கால் விட்டுக் கோணிக்கொள்ளும். மண்ணில் கல் கிடந்தாலும், மக்காத சாணி கிடந்தாலும் அப்படித்தான்.

அடுத்தது நீ ஊற்றுகிற மருந்துத் தண்ணி. பஞ்சகவ்யம், மீன் அமிலம், மண்புழு உரம் என்று வாரத்துக்கு ஒன்றாகக் கொடுக்கிறதாகச் சொன்னாயே. தழைச்சத்து அதிகமானால் செடி இலையைத்தான் கட்டும். விதைக்கும் முன்னால் நன்றாக மக்கின தொழுவுரம் கலந்துவிட்டால் இந்தக் குறுகிய நாள் பயிருக்கு அதுவே போதும். இலையில் சல்லடைக் கண்ணாய்ப் பொத்தல் விழுந்தால் தெள்ளு மாதிரி தத்துகிற குட்டி வண்டுதான் காரணம். காலையில் ஈரம் காயும் முன் விறகுச் சாம்பலை மெல்லத் தூவு. படத்தில் தண்ணீர்த் தொட்டி நிழலும் தெரிகிறது. பையை நகர்த்து, ஆறு மணி நேரமாவது வெயில் படட்டும்.

தண்ணீர் நாளும் கொஞ்சம். நாலு நாள் காயவிட்டுத் திடீரென்று குடம் குடமாய் ஊற்றினால் கிழங்கு வெடித்துவிடும். காய்ந்து வளர்ந்ததில் காரமும் ஏறும்.

விதை வாங்குவதானால் அலைய வேண்டாம். உங்கள் பெங்களூருப் பக்கம் ஹெசரகட்டாவில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் கொண்டுவந்த ரகம் அர்க்கா நிஷாந்த். ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில் வந்துவிடும். சீக்கிரம் பஞ்சாகாது, கால் பிரியாது. நம் பக்கத்து வெயிலுக்கு பூசா சேத்கி தேவலை, அது 40 – 45 நாள். சின்னதாய் உருண்டையாய்ச் சிவப்பு ஒன்று விற்கிறார்களே, அது மாதத்துக்குள் வந்துவிடும், பச்சையாய்க் கடிக்க நன்றாய்த்தான் இருக்கும். ஆனால் அதைச் சாம்பாரில் போட்டுவிட்டு முள்ளங்கிச் சாம்பார் என்று என்னிடம் சொல்லாதே.

இப்போது அறுவடை. கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே வெள்ளையாய் எட்டிப்பார்க்கும். அந்த ரகத்துக்குச் சொன்ன நாளும் ஆகியிருந்தால் பிடுங்கிவிடு. இன்னும் பருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை அத்தை வரும்போது காட்டலாம் என்று நிறுத்திவைக்காதே. முள்ளங்கி காத்திருக்காது. நார் ஏறி, நடுவில் பஞ்சாகி, கையில் எடுத்தால் கனமே இருக்காது. உன் அம்மிச்சி சந்தையில் நகத்தால் கீறிப் பார்ப்பாள், நகம் சுலபமாக இறங்கினால்தான் வாங்குவாள். கடைக்காரன் முகம் சுளிப்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. பறிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் விட்டுக்கொள், ஒடியாமல் வரும். பறித்த உடனே இலையை வெட்டிவிடு. விட்டுவைத்தால் இலை கிழங்கின் ஈரத்தை இழுத்து அதை வாடவைத்துவிடும். இளசு இலையைப் பொரியல் பண்ணு. முற்றினதில் சொணை இருக்கும், நாக்கில் உறுத்தும்.

மாப்பிள்ளைக்கு அந்த வாடைதான் ஆகவில்லை என்றாயே. தோலைச் சீவிவிட்டு, வட்டமாய் நறுக்கி, எண்ணெயில் மூடாமல் வதக்கிக்கொள். அப்புறம் புளித்தண்ணியில் வேகவைத்துப் பருப்பைச் சேர். காரம் தோலில்தான் அதிகம். மூடிவைத்து வேகவைத்தால் வாடை உள்ளேயே சுற்றும். சாப்பிட்டுப் பார்க்கச் சொல், பிறகும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே.

இரண்டு மூன்று செடியைப் பறிக்காமல் விட்டுவை. வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூக்கும், தேனீ வரும், பிள்ளைக்குக் காட்டலாம். பூ உதிர்ந்ததும் வருகிற பிஞ்சுக் காயைப் பறித்துப் பொரியல் பண்ணலாம், கிழங்கைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். விதைக்கு விடுவதானால் முதலில் பூத்த அவசரக்காரச் செடியை விடாதே, அதன் விதையும் அவசரமாகவே பூக்கும். நல்ல கிழங்காய் இரண்டு மூன்று பிடுங்கி, இலையை நாலு விரல் விட்டுக் கிள்ளி, கீழ் நுனியை வெட்டிவிட்டுத் திரும்ப நட்டுவை. காய் காய்ந்தாலும் கடுகுக்காய் வெடிக்கிற மாதிரி தானாக வெடிக்காது, தட்டித்தான் எடுக்கணும்.

இப்போது நிற்கிற பையைக் கீரையாக அறுத்துக்கொள். அடுத்த முறை அதே மண்ணில் முள்ளங்கியோ கோசோ போடாதே, இரண்டும் ஒரே குடும்பம், பூச்சியும் ஒன்றுதான். நாலு அவரை விதை ஊன்று. முள்ளங்கிக்குப் புது மண் நிரப்பிக்கொள். அப்பா அடுத்த வாரம் வருகிறார், மக்கின தொழுவுரம் ஒரு மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையை அனுப்பு, அப்பாவைத் தூக்கவிடாதே.

அன்புடன்,
அம்மா